அபூசாலி கண்ட பிறை

ஹலோ… ஹலோ, அஸ்ஸலாமு அலைக்கும் மௌலவி… ஓம், நான்தான், அபூசாலி. வைச்சிடாதேங்கோ! பிறை கண்டனான்.

ஹலோ? … ஆர் அங்க பள்ளிக்குள்ள சிரிக்கிறது? … சிரிக்கட்டும். குளக்கட்டில நிக்கிறன், மௌலவி. மேற்கால, பாலை மரத்துக்கு மேல கண்டனான். இப்ப இறங்கிட்டுது.

ஓம்… ஓம், நாடு முழுக்க மழை மப்பெண்டு தெரியும். இங்க கொஞ்சம் விலகினது… இல்லை, நான் ஊதி விலத்தேல்லை.

மருமகன் நிஸ்தாரும் கண்டவன். பக்கத்திலதான் நிக்கிறான்… அவன்ர சாட்சி சரியெண்டா பிறகென்ன? … ரெண்டு பேர் வேணும். ஓம். மற்றது நான்.

… என்ன, நானெண்டா ஏலாதோ?

முதலையோ? அது வேற கதை, மௌலவி… ஓம், சொன்னனான்தான், இந்தக் குளத்து முதலையைச் சைக்கிள் கரியரில கட்டி, ஆனையிறவு உப்பளத்துக்குக் கொண்டுபோய் உப்புப் போட்டனானெண்டு. அது போன வருசம் சொன்னது. அதுக்கும் பிறைக்கும் என்ன?

… நம்பக்கூடிய ஆளா இருக்கவேணும். ஓம்… ஓம்.

மௌலவி, கொழும்புப் பெரிய பள்ளியில இப்ப பிறை இல்லையெண்டு முடிவு சொல்லிப்போடுவினம். நாளைக்கு ஊரெல்லாம் பெருநாளண்டு நோன்போட இருக்கும். ஹராமெல்லே! கண்ணால கண்டுபோட்டு அந்தப் பாவத்தை நான் எப்பிடிச் சுமக்கிறது?

என்ன வேணுமெண்டாலும் கேளுங்கோ… மெல்லிசு. வள்ளம் மாதிரி. ரெண்டு கொம்பும் மேல பாத்தபடி… இல்லை, வள்ளத்துக்குள்ள ஒருத்தரும் இருக்கேல்லை. வல்லாஹி!

… என்னைப்பற்றிச் சொல்ல ஆளோ? பொறுங்கோ, வீரகத்தி அண்ணை நிக்கிறார்… தெரியும், அவர் சைவம். பிறைக்கு வேண்டாம், என்னைப்பற்றி மட்டும் கேளுங்கோ. இடம்பெயர்ந்திருந்த புத்தளத்தால திரும்பி வந்த நாள் தொட்டு எனக்குப் பக்கத்து வளவு. பொய் அவற்ற வாயில வராது. தன்ர மாடு என்ர பயிரை மேய்ஞ்சதைத் தானே வந்து சொன்ன மனுசன்.

அண்ணை! இந்தாங்கோ, மௌலவி. உள்ளதைச் சொல்லுங்கோ… அங்கால எங்க போறியள்? எனக்குக் கேக்கட்டுமன்!

…

நிஸ்தார், தலையாட்டுறாரோ பார்… ஓமெண்டோ, இல்லையெண்டோ?

…

தாங்கோ. ஹலோ, மௌலவி, என்ன சொன்னவர்? … நான் சொன்னதெல்லாம் பொய்யோ? இத்தனை வருசமாவோ? அட, அண்ணை!

… ஓ. நோன்பு துவங்கின நாள் தொட்டு நான் ஒரு பொய்யும் சொல்லேல்லையாம்… ஓம், அது உண்மை. நோன்பாளி பொய் சொல்லப்படாதெல்லே, வாயைக் கட்டிப்போட்டன். எனக்கு ஏதும் வருத்தமோ எண்டு அவற்ற மனுசி இராசமலர் வந்து பாத்தவா… ஓம், கசாயத்தோட.

அப்ப கொழும்புக்கு எடுங்கோ! மற்றப் போனில எடுங்கோ, நான் நிக்கிறன்…

…

நிஸ்தார், வாயை மூடு. கதைக்கினம்.

…

ஓம்… ஓம், ஓம்… ஏற்றுக்கொண்டிட்டினமோ? அல்ஹம்துலில்லாஹ்! நாளைக்குப் பெருநாள்!

மௌலவி, ஒண்டு கேக்கட்டோ. அப்ப நோன்பு முடிஞ்சுதோ? … வடிவா முடிஞ்சுதோ? … இனி மாத்தமாட்டினமோ?

அப்பச் சரி. கேளுங்கோ. அந்தப் பிறை இறங்கேக்க ஒரு கொம்பு பாலை மரத்தில கொழுவுப்பட்டுப்போச்சு. நான்தான் ஏறிக் கழட்டி விட்டனான்…

ஹலோ? மௌலவி? … ஹலோ?