கரடிக்குப் போதாத துப்பாக்கி

ஆறிப்போன காபிதான் எனக்குப் பிடிக்கும் சார், மாற்ற வேண்டாம். என் துப்பாக்கிக் கடையில் காலையில் ஊற்றி வைத்தது சாயங்காலம்வரை மேசையிலேயே கிடக்கும். என் மனைவி லிகாயா அதைப் பார்த்து முகம் சுளிப்பாள். இருபது வருடம் இந்தத் தீவில் இருந்தும் மணிலாவில் பிறந்த நாக்கு அவளுக்கு மாறவில்லை.

போலீஸ் ஆய்வுக்கூடத்து அறிக்கையைப் படித்துக் காட்டினீர்கள். லிகாயாவின் துப்பாக்கியில் குறை எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். இருக்காது சார். என் மேசையிலிருந்து குறையோடு எதுவும் வெளியே போனதில்லை.

எனக்குக் களைப்பாக இருக்கிறது. தினமும் யாராவது சமைத்துக் கொண்டுவந்து வாசலில் வைக்கிறார்கள். பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுக்கப் போனால் என்னைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். அதுகூடப் பரவாயில்லை. மனசை உறுத்துவது அந்தத் தாய்க்கரடிதான். லிகாயாவைக் கொன்று தின்றது அதுதான் என்று மீன், வனவிலங்கு இலாகா ஆட்கள் அதைச் சுட்டு, வயிற்றைக் கிழித்துப் பார்த்தார்கள். புல்லும் மீனும்தான் இருந்தன. குட்டிகள் இன்னும் அந்தக் கரையிலேயே அலைகின்றனவாம். ஒரு பாவமும் செய்யாத ஜீவன்.

லிகாயா போன குளிர்காலத்தில் வீட்டைவிட்டுப் போய்த் தன் சித்தி மகள் வீட்டில் தங்கிக்கொண்டாள். நான் அவளை ஒருநாளும் அடித்ததில்லை. கதவைத் திறந்துகொண்டு பனியில் இறங்கப் பார்த்தவளை மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினேன், அவ்வளவுதான். கொஞ்சம் அழுத்திப் பிடித்துவிட்டேன் போலிருக்கிறது. மீன் ஆலையில் வருடக்கணக்காகக் கத்தி பிடித்த கை, ஏற்கெனவே நைந்துபோன கை. டாக்டரிடம் அவளே ஆலையைத்தான் காரணம் சொன்னாள்.

வசந்தத்தில் அவளுக்கு ஆற்று முகாமில் வேலை கிடைத்தது. ஆற்றுக்குக் குறுக்கே கம்பித் தடுப்பு, அதன் மேல் பலகை நடைபாதை, ஏறிவரும் சால்மன் மீன்களை நின்று எண்ண வேண்டும். படகில் மட்டும்தான் போகமுடியும். படகுக்காரன் யெஃபிம்தான் அவளைக் கடைக்கு இழுத்துவந்தான். இந்தத் தீவில் துப்பாக்கி பழுது பார்ப்பவன் நான் ஒருவன்தான். தானாக வந்திருக்கமாட்டாள்.

"வெர்ன், உன் பொண்டாட்டிகிட்ட நீயே சொல்லுப்பா. இந்தப் பொம்மையை வெச்சுக்கிட்டு ஆத்துக்குப் போறாளாம்," என்றான் யெஃபிம்.

அவள் கைப்பையிலிருந்து ஒரு கைத்துப்பாக்கியை எடுத்து வைத்தாள். ஒன்பது மில்லிமீட்டர், சின்ன ரகம், அவள் உள்ளங்கைக்கு அளவாக இருந்தது. எப்போது வாங்கினாள் என்று எனக்குத் தெரியாது. குளிர்காலத்தில்தான் வாங்கியிருக்க வேண்டும்.

"ஒம்போதால சுட்டா கரடிக்குக் கூச்சம்தான் வரும். சிரிச்சுக்கிட்டே வந்து தின்னும்," என்றான் யெஃபிம்.

"எனக்கு இதுவே போதும் யெஃபிம்," என்றாள்.

"இதோட வந்தா என் படகுல ஏத்தமாட்டேன். நாளைக்கு உன் எலும்பைப் பொறுக்கிட்டு வர என்னால ஆகாது தாயி."

நான் அவளைக் கேட்டேன். "கரடிக்குத்தானே?"

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "கரடிக்குத்தான்," என்றாள்.

நான் செய்து கொடுத்தது இங்கே எல்லோரும் செய்துகொள்கிற மாற்றம்தான். பிடி அதேதான், மேல்பாதி மட்டும் வேறு. பெரிய தோட்டாவுக்கான பேரல், சுடும்போது மேலே முன்னும் பின்னும் ஓடுகிற ஸ்லைடு, அதற்கேற்ற முரட்டு ஸ்பிரிங். சின்ன உடம்புக்குள் பெரிய கோபம். சுட்டவுடன் பின்னால் உதைக்கும். மணிக்கட்டு கல் மாதிரி நிற்க வேண்டும். கை தளர்ந்தால் ஸ்லைடு பாதியிலேயே நின்று தோட்டாக்கூடு சிக்கிக்கொள்ளும். முதல் குண்டு போகும். இரண்டாவது போகாது. துப்பாக்கி பழகியவர்களில் பாதிப்பேருக்கு இது தெரியும். ஆனால் கரடி என்று சொல்லிவிட்டால் இந்த ஊரில் யாருக்கும் பெரிய தோட்டாவைத் தவிர வேறொன்றும் நினைவுக்கு வராது.

சொந்தக்காரர் சுட்டுப் பார்க்காமல் நான் எதையும் கொடுத்தனுப்புவதில்லை. கடைக்குப் பின்னால் மணல்மேடு இருக்கிறது. அங்கே அவள் சுட்டாள். ஒரு குண்டு போனது, சிக்கிக்கொண்டது. ஸ்லைடை இழுத்துப் பார்த்தாள். நைந்த மணிக்கட்டு வளைந்ததே தவிர அது அசையவில்லை.

"கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி பிடிச்சா அப்படித்தான்!" என்று யெஃபிம் சிரித்தான்.

நான் சிக்கலை எடுத்துவிட்டு, அவள் மணிக்கட்டுக்கு அடியில் என் கையை வைத்தேன். அவள் உடம்பு விறைத்துப்போனது. யெஃபிம் பார்த்துக்கொண்டிருந்ததால் விலகவில்லை. மீதி எல்லாம் தடங்கலில்லாமல் போயின. நான் பக்கத்தில் இருந்தால் அந்தத் துப்பாக்கி அருமையாக வேலை செய்யும் சார். அதை அவள் யோசித்துப் பார்த்திருக்கலாம்.

"பழசையே போட்டுக் குடுத்துடேன், வெர்ன்," என்றாள் மெதுவாக.

கழற்றிய பாகங்கள் இழுப்பறையில்தான் இருந்தன. திருப்பிப் போட ஒரு நிமிடம் ஆகாது.

"பழகிடும்," என்றேன்.

அதைத் தவிர நான் எதுவும் செய்யவில்லை என்று நீங்கள் எழுதிக்கொண்டால்கூட எனக்குச் சம்மதம்தான். ஆனால் நீங்கள் அந்தக் கரடியைப் பற்றி மறுபடி கேட்பீர்கள்.

ஜூலையில் யெஃபிம் கடைக்கு வந்தபோது, முகாமில் அவளோடு இருந்த பையனைப் பல்வலிக்காக ஊருக்கு அழைத்துவந்ததாகச் சொன்னான். மறுநாள் காலை நான் என் படகை எடுத்துக்கொண்டு போனேன். கையில் ஆயுதம் எதுவும் இல்லை. அவளுக்குப் பிடித்த உலர்ந்த மாம்பழம் ஒரு பொட்டலம் இருந்தது.

அவள் நடைபாதையின் நடுவில் நின்று எண்ணிக்கொண்டிருந்தாள். மழை பெய்து ஆறு கலங்கி ஓடியது. பலகையில் என் காலடி அதிர்ந்ததும் திரும்பினாள்.

"அங்கேயே நில்லு."

"பேசத்தான் வந்தேன்."

"என் கையைப் பிடிச்ச அன்னிக்கும் பேசணும்னுதான் சொன்னே."

துப்பாக்கியை எடுத்தாள். எனக்கு ஆச்சரியம் இல்லை. அது யாருக்காக என்று கடையிலேயே இரண்டு பேருக்கும் தெரியும். கரடி என்பது யெஃபிமுக்காகச் சொன்னது. அவள் சுடுவாளா என்பதுதான் எனக்குத் தெரியவேண்டியிருந்தது. சுட்டாள். என் காதோரமாகப் போனது. அடுத்தது சிக்கிக்கொண்டது.

"மணிக்கட்டை இறுக்கணும்னு சொன்னேனே," என்றேன். அதட்டவில்லை. கடையில் சொல்வதுபோலத்தான் சொன்னேன்.

அவள் ஸ்லைடைப் பிடித்து இழுத்துக்கொண்டே பின்னால் ஓர் அடி வைத்தாள். நான் முன்னால் ஓர் அடி வைத்தேன். இப்படியே போனோம். நான் நின்றிருந்தால் அவளும் நின்றிருப்பாள், ஒத்துக்கொள்கிறேன். ஈரப்பலகையின் ஓரம் அவள் குதிகாலுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. நான் அவளைத் தொடவே இல்லை.

தண்ணீர் அவளைத் தடுப்புக் கம்பியோடு சேர்த்து அழுத்தியது. ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். குனிந்தால் எட்டுகிற தூரம்தான்.

"வெர்ன்," என்றாள். மறுபடியும், "வெர்ன்." வீட்டில் இருந்த கடைசிக் காலத்தில் என்னை அவள் எதுவும் சொல்லி அழைப்பதே இல்லை, சுவரிடம் பேசுவதுபோலப் பேசுவாள். அன்றைக்குத்தான், வாய்க்குள் தண்ணீர் போகப் போக, என் பெயரைத் தவிர வேறு வார்த்தையே அவளுக்கு வரவில்லை.

அவள் அவ்வளவு ஆசையாக என்னைக் கூப்பிட்டு எத்தனை காலம் ஆகிவிட்டது. போதும் என்று அவளாக நிறுத்தும்வரை கேட்டுக்கொண்டு நின்றேன்.