புது ப்ராசசரும் மாமாவோட சுத்தியலும்

இல்லண்ணே, கீழல்லாம் போடல. சத்தியமா. கம்ப்யூட்டர் டப்பா நசுங்கியிருக்கே, அது மாமா உதைச்சது. மாமான்னா அக்கா புருஷன். காத்தாடி சுத்துது, லைட் எரியுது, திரை மட்டும் கருப்பு. புது ப்ராசசர் மாட்டுனதுலேர்ந்து இதே கதைதான். அவரு எப்படிக் கத்தினாருன்னு செஞ்சு காட்டவா? ஏய்ய்ய்! வாடி இங்க! என்னடி தொட்ட இதுல! பாத்தீங்களா, தெருவுல நாயே குரைக்குது. அச்சு அசல் அவரேதான்.

எனக்கு எல்லார் குரலும் வரும்ணே. உங்களதும் வந்துடுச்சு. அதாவது சார்ர்ர், மதர்போர்டு பழசு, அதுவும் இருக்கறதுலயே மலிவானது, ப்ராசசர் புதுசு, ஒண்ணுக்கொண்ணு அறிமுகம் இல்ல சார்ர்ர். சிரிக்காதீங்க, அப்படித்தான் இழுக்கறீங்க.

அக்காவா? அவ கிட்டயே போகல, அடுப்படியில இருந்தா. ஆனா மெஷின் ஓடலன்னா யாராவது அடி வாங்கணுமே. மொதல்ல கீபோர்டு. முழங்கால்ல வச்சு ரெண்டா ஒடிச்சாரு, கட்டையெல்லாம் பல்லு மாதிரி கொட்டிச்சு. அப்புறம் மானிட்டர். அப்புறம் அக்கா. அவ கையைப் பிடிச்சுக் கதவிடுக்குல வச்சுட்டு, கதவைச் சாத்தினாரு. நான் குறுக்க போனேன். இந்தக் காது இன்னும் கொய்ங்ங்னுது. கொஞ்சம் சத்தமாப் பேசுங்க.

பழைய ப்ராசசரா? அதைத் திருப்பி மாட்டினாத்தான் பயாஸ் அப்டேட் பண்ணி, போர்டுக்குப் புதுசை அறிமுகப்படுத்த முடியுமா? போச்சு போங்க! புதுசு வந்த குஷியில பழசை வாசப்படியில வச்சு சுத்தியலால பொடிப்பொடியா அடிச்சிட்டாருண்ணே. இனிமே நீ எதுக்குன்னு அதுகிட்ட பேசிக்கிட்டே அடிச்சாரு. அக்காகிட்ட பேசற அதே குரல்ல.

அதே மாதிரி ஒண்ணு உங்ககிட்ட கெடக்கா? தெய்வம்ணே நீங்க. மாட்டுங்க, மாட்டுங்க. ஆமா, அப்டேட் ஓடும்போது பாதியில கரண்ட் போனா என்னாகும்? போர்டே செத்துடுமா? அப்ப முடியற வரைக்கும் மெஷினைத் தூக்கிட்டுப் போக முடியாது? பிரமாதம்!

சும்மா கேட்டேண்ணே.

ஆனா இப்பவே ஆரம்பிக்காதீங்க. மாமா வரட்டும். நீங்க பின்னால கை கழுவப் போனீங்கல்ல, அப்ப உங்க கடை போன்லேர்ந்து உங்க குரல்ல கூப்பிட்டேன். அதாவது சார்ர்ர், மெஷின் ரெடி, நீங்களே நேர்ல வந்து பாத்து எடுத்துக்கணும் சார்ர்ர். கெளம்பிட்டாரு. இது ஒண்ணுக்குத்தான் அவரு வீட்டை விட்டு நகருவாரு. அக்காவை உள்ள வச்சுப் பூட்டிட்டுத்தான் வருவாரு. பூட்டட்டும். வீட்டுப் பின்பக்க ஜன்னல் கம்பியைக் காலையிலயே கழட்டி வச்சிட்டேன். அவளைக் கூட்டிட்டுப் போக அம்மா வண்டியோட அந்தத் தெருமுனையில நிக்கறாங்க.

என்னண்ணே முகம் இப்படி ஆயிடுச்சு? கத்துவாரு, மேசையைத் தட்டுவாரு. உங்க சுத்தியலை மட்டும் உள்ள வச்சிடுங்க. நான் எங்கயும் போகல. வாசல்ல குறுக்க நிக்க ஒரு ஆள் வேணும்ல.

அதோ, பைக் சத்தம். சொருகுங்கண்ணே அந்த அப்டேட் பென்டிரைவை. இந்தத் தடவை உங்க குரல்ல நீங்கதான் சொல்லணும். அதாவது சார்ர்ர், கடைசி வேலை ஒண்ணு ஓடுது, உக்காருங்க.