அப்பா வீட்டிலிருந்து வந்த தண்ணீர்

அவைக்குத் தலைமையேற்று, அடிக்கடி கடிகாரத்தைப் பார்த்து என்னை அன்போடு மிரட்டும் குடியிருப்போர் சங்கத் தலைவர் அவர்களே! முன்வரிசையில் முகம் மலர வீற்றிருக்கும் மூத்தோர்களே! அடுப்பை அணைத்தோமா என்ற ஐயத்தோடு அமர்ந்திருக்கும் அன்னையர்களே! பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருந்தும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத என் அப்பா அவர்களே, என் மாமனார் அவர்களே! எல்லோருக்கும் என் இனிய வணக்கம்.

நகரம் வளர்கிறது. பிழைப்புத் தேடி வருகிறவரை வராதே என்று சொல்ல நாம் யார்? நாமும் அப்படி வந்தவர்கள்தானே? வரட்டும், வாழட்டும். ஆனால் வானம் பழைய வானமாக இல்லையே! பருவம் முழுக்கப் பெய்யவேண்டிய மழை ஒரே பிற்பகலில் கொட்டுகிறது. பகலில் அடித்த வெயில் இரவிலும் சுவரைவிட்டு இறங்க மறுக்கிறது. இந்த வானத்துக்கு ஏற்ற வீதி நம்மிடம் இருக்கிறதா? தெருக்கோடியில் தாழ்வாகக் கிடக்கும் காலி மனையைச் சிமென்ட் போட்டுக் கார் நிறுத்தமாக்குவதா, இன்னும் பள்ளமாக்கி மழைநீருக்கு விடுவதா? அதை முடிவுசெய்யத்தான் கூடியிருக்கிறோம்.

நம் தெருவுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. தண்ணீர் வாசலைத் தொட்டால் வாசலை உயர்த்துவோம். பக்கத்து வீட்டுக்காரர் உயர்த்தினால் அவரைவிட ஒரு சாண் கூடுதலாக உயர்த்துவோம். இப்படியே போனால் பால்காரர் ஏணியோடுதான் வரவேண்டும்.

என் பிறந்த வீடும் புகுந்த வீடும் எதிரெதிரே இருப்பது உங்களுக்குத் தெரியும். அப்பா கட்டட ஒப்பந்தக்காரர், கேட்கவா வேண்டும்? மண்ணைக் கொட்டி, முற்றம் முழுக்கச் சிமென்ட் பூசி, வீட்டையே மேடாக்கிவிட்டார். போன மழையில் பெருமை தாங்காமல் எனக்குப் போன் செய்தார்.

"இங்க ஒரு சொட்டு ஏறலம்மா. அங்க எப்படி இருக்கு?"

நான் கைக்குழந்தையோடு கட்டில்மேல் உட்கார்ந்திருந்தேன். கீழே செருப்பும் சட்டியும் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தன.

"உங்க வீட்டுத் தண்ணி பத்திரமா இங்க வந்து சேர்ந்துடுச்சுப்பா" என்றேன்.

சிரிக்கிறீர்கள். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டில் கால் முழுகியதும் பிள்ளையை அணைத்துக்கொண்டு அழுதேன். அப்பா தண்ணீரில் தடுமாறி வந்து பேரனைத் தோளில் தூக்கிப் போனார். மாமனாருக்கோ ரோஷம்! சம்பந்தியைவிட உயர்த்திக் காட்டுகிறேன் என்று மண் லாரியை வரச்சொல்லிவிட்டார். லாரியை வாசலிலேயே மறித்தவர் என் மாமியார்.

"நாம ஏத்திட்டா அந்தத் தண்ணி எங்க போகும்? நமக்குப் பின்வரிசை வீடுகளுக்குத்தானே?"

பின்வரிசை என்றால் யார்? நம் வீட்டைப் பெருக்குகிறவர்கள், நம் பிள்ளைகளைப் பள்ளிக்கு வேனில் அழைத்துப்போகிறவர்கள். ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிறார்கள். வாடகைக்காரர் என்பதால் சங்கத்தில் ஓட்டு இல்லை. ஏறி உட்காரப் பலருக்குக் கட்டிலும் இல்லை. லாரி திரும்பிப் போனது.

என்ன ஐயா, கார் எங்கே நிறுத்துவது என்கிறீர்களா? போன மழையில் உங்கள் கார் தானே மிதந்து போய் மின்கம்பத்தடியில் நின்றதே, அது யாரிடம் இடம் கேட்டது? மேட்டுப் பக்கம் வரிசையாக நிறுத்திவிட்டு நாலு எட்டு நடப்போம். மருத்துவரும் அதைத்தான் சொல்கிறார்!

மனையைத் தோண்டுவோம், மரம் நடுவோம். காய்ந்த நாளில் பிள்ளைகள் ஆடட்டும், பெய்த நாளில் மழை தங்கட்டும், சுட்ட நாளில் நிழல் விழட்டும்! மழைக்கு ஓர் இடம் நாம் ஒதுக்காவிட்டால், ஏழையின் அறையை அதற்கு ஒதுக்குகிறோம் என்றுதானே பொருள்?

அங்கே சிமென்ட் போடும் வேலை என் அப்பாவுக்குத்தான் பேசியிருக்கிறது. தெரிந்தேதான் பேசுகிறேன். காலையிலிருந்து அவர் என்னோடு பேசவில்லை. எனக்கு அது வலிக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

பள்ளம் வேண்டும் என்பவர்கள் கை தூக்குங்கள். மாமனார் தூக்கிவிட்டார். அன்னையர் அத்தனை பேரும்! பின்னால் கார்க்காரரும் பாதி தூக்கியிருக்கிறார், முழுதாகத் தூக்குங்கள் ஐயா. அப்பா... உங்களைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

நன்றிப்பா. ஒரு கை போதும், ஆளுக்கு ஒரு ஓட்டுதான்.

கேட்ட செவிகளுக்கும் உயர்ந்த கைகளுக்கும் நன்றி. வணக்கம்.