நாத்தனார் கதையும் மரத்தூள் கூடையும்

“என் நாத்தனார் பேச்சை எடுத்தாலே மெஷின் அடைச்சுக்குதுக்கா.”

கட்டபெட்டிலிருந்து கோத்தகிரி போகும் பேருந்தில் இதைக் கேட்டதும், எண்ணிக்கொண்டிருந்த வளைவுகளை ஏழோடு விட்டுவிட்டேன். முன் இருக்கையில் இரண்டு பெண்கள். மரத்தூளை அழுத்தி, தேயிலை ஃபாக்டரி அடுப்பில் எரிக்கும் பெல்லட் கட்டிகள் செய்யும் மில்லில் இருவருக்கும் வேலை. இளையவள்தான் மெஷின் வாயில் தூள் கொட்டுகிறவள்.

“நிமிசத்துக்கு ரெண்டு கூடைதான் கணக்கு. அவ பண்ணுனதச் சொல்லச் சொல்லக் கை வேகமாயிருது, நாலு போயிருது. நேத்து மட்டும் மூணு தடவை அடைச்சுப்போச்சு.”

“அப்ப உன் ஊட்டுக்காரரப் பத்திப் பேசு புள்ள.”

“பேசுனனே. அவரப் பத்திச் சொல்ல என்ன இருக்குது? கை அப்படியே நின்னுபோச்சு. மெஷின் தூளில்லாம சும்மா ஓடிச் சூடாயிருச்சு.”

“பேசாமத்தான் கொட்டேன்.”

“தூக்கம் வருதுக்கா.”

மூத்தவள் சிரிக்கவில்லை. “இன்னொருக்கா மெஷின் நின்னா, மேஸ்திரி உன்னைய மழையில லாரி லோடு இறக்கப் போட்டுருவாரு, பாத்துக்க.”

“காலையிலயே சொல்லிட்டாரு. அதனால நாளையிலிருந்து மேஸ்திரியப் பத்தித்தான் பேசப்போறேன்.”

“ஐயோ, அவரு மேல உனக்கு இருக்கிற கோவத்துக்கு மெஷினே வெடிச்சுருமே!”

“வெடிக்காதுக்கா. அவரு பக்கத்துலயே நிப்பாரு. அக்கம்பக்கம் பாத்து, ஒவ்வொரு வார்த்தையா, நிறுத்தி நிதானமாத்தான் பேச முடியும்.”