புளி போட்டுத் தேய்த்த முப்பத்தொரு காசுகள்

என் பெயர் சம்பூர்ணம், வயது 34, காலஞ்சென்ற துளசிராமனின் மனைவி. செங்கற்பட்டு மாவட்டம், பொன்னேரி வட்டம், பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்தில் குடியிருக்கிறேன். கருவாடு விற்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாது. என் கணவரின் சாவு குறித்து 1977 ஆகஸ்ட் 19 அன்று காவல் நிலையத்தில் கேட்டபோது நான் சொல்வது:

என் கணவர் கும்மிடிப்பூண்டியில் ஒரு வெண்கல வார்ப்புத் தொழிற்சாலையில் வேலை செய்தார். ஏரி வற்றும் மாதங்களில், லீவு நாளில் சேற்றைக் கிளறிப் பழங்காசு பொறுக்குவார். குடியில்லை, சீட்டில்லை, இந்தப் பைத்தியம் ஒன்றுதான். ஒரு பக்கம் ராஜா முகம், மறுபக்கம் பெரிய எழுத்து, அதன்மேல் சிலுவை இருந்தால் அது பைசாந்திய ராஜாக்கள் போட்ட வெண்கலக் காசு, ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன் கப்பலில் வந்தது என்று மெட்ராஸ் மியூசியத்தில் கேட்டுவந்து எனக்கும் காட்டினார். முப்பத்தொரு காசு பால்பவுடர் டப்பாவில் இருந்தது. எனக்கு எல்லாம் களிம்பு ஏறிய தகடாகவே தெரிந்தது.

கடந்த ஜூனில் தொழிற்சாலையில் வெண்கல வில்லைகள் களவுபோயின. துளசிராமன் வீட்டில் வட்ட வட்டமாக வெண்கலம் இருக்கிறது என்று கூட வேலை செய்தவர் சொன்னதால் போலீசார் அவரைப் பிடித்து வைத்தார்கள். அது பழங்காசு என்று அவர் சொன்னதன்பேரில், மியூசியம் அதிகாரி வரும் அன்று டப்பாவை ஸ்டேஷனுக்குக் கொண்டுவரும்படி எனக்குச் சொல்லியனுப்பினார்கள்.

அதன் பிறகு, பெரிய மனுஷர் கையில் அழுக்கைக் கொடுப்பதா என்று எனக்குக் கூச்சமாகிவிட்டது. விசேஷத்துக்குச் செம்பு துலக்குவதுபோல் எல்லாவற்றையும் புளியில் ஊறப்போட்டு, செங்கல் தூள் வைத்துத் தேங்காய் நாரால் காலை முழுக்கத் தேய்த்தேன். களிம்போடு முகமும் எழுத்தும் போனதை நான் கவனிக்கவில்லை. பளபளவென்று ஆனதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். அதைச் சொல்ல இப்போது வாய் கூசுகிறது.

அதிகாரி லென்சு வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணுமே தெரியலியேம்மா. வழவழன்னு வில்லையாட்டம்தான் இருக்குது" என்றார். என் கணவர் ஒரு காசை வாங்கிக் கட்டைவிரலால் தடவினார்.

"இன்னா சம்பூர்ணம், எல்லாத்தியுமா தேச்சிட்ட?"

"ஆமா மாமா. நல்லாத்தான கீது?"

அவர் அந்தக் காசை டப்பாவிலேயே போட்டுவிட்டார். அதன் பிறகு ஜாமீனில் வந்தார். வேலை போயிருந்தது. குப்பத்தில் திருடன் என்றார்கள். சாப்பாட்டில் கைவைத்துவிட்டு எழுந்துவிடுவார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஓர் அடி அடித்திருந்தால் என் மனசு ஆறியிருக்கும்.

இந்த மாதம் 17ஆம் தேதி காலை, அவர் தம்பி குப்பனின் படகில் தனியாகப் போனார். படகு மட்டும் கரை ஒதுங்கியது. அதன் பிறகு குப்பன் தன் வலையை வீசித் தேடியதில் மதியம் உடல் வந்தது. வலையை அவர்மேலிருந்து விலக்கும்போது, ஓரத்து ஈயக் குண்டுகளுக்கு நடுவே பச்சையாக மூன்று காசு கட்டியிருந்ததைப் பார்த்தேன். முகம் இருந்தது. எழுத்தும் அதன்மேல் சிலுவையும் எனக்கே தெரிந்தன. குப்பனைக் கேட்டதற்கு, "ஈயம் பத்தலன்னு சேத்துல கெடந்தத ஓட்ட போட்டுக் கட்டினேன் அண்ணி. மூணு வருசமா வலையிலதான் கீது. இதுதான் அண்ணன் தேடுன காசுன்னு எனக்குத் தெரியாதே" என்று அழுதார்.

அந்த மூன்றையும் வலையிலிருந்து அறுத்து இத்துடன் ஒப்படைக்கிறேன். மியூசியம் ஐயாவிடம் காட்டி, என் கணவர் திருடனில்லை என்று எழுதித் தர வேண்டும். அவர் சாவில் என்னைத் தவிர வேறு யார்மீதும் எனக்குச் சந்தேகம் இல்லை. காசுகளில் ஏரிச்சேறு அப்படியே இருக்கிறது. நான் கழுவவில்லை.

எழுதியதைப் படிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே உள்ளது, பொய் இல்லை.

சம்பூர்ணம்
இடது பெருவிரல் ரேகை