டிரம்மில் ஓடிய மோட்டார்

வலது மணிக்கட்டு குடைகிறது. உப்பேறி இறுகிய போல்ட்டுகளைத் திருகித் திருகி வந்த வலி. மெதுவாகத்தான் எழுத வரும், அய்யா. பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளை, அதாவது என் தங்கை வீட்டுக்காரன், படகு ஓட்டுகிறவன். எனக்குப் படகில் கால் வைத்தாலே குமட்டும். பழுது பார்த்த படகு மோட்டாரை என் பட்டறை வாசலில், தண்ணீர் நிரப்பிய டிரம்மில் இறக்கித்தான் ஓட்டிப் பார்ப்பேன். அதனால் அவன் எனக்கு வைத்த பெயர் டிரம் கேப்டன்.

"என்ன கேப்டன், இன்னைக்கு டிரம்முல அலை ஜாஸ்தியா?" என்பான். படகுத்துறையே சிரிக்கும். ஒருமுறை தங்கையும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்கிறவன் இல்லை.

போன மாதம் அவனுடைய பழைய மோட்டார் வேலைக்கு வந்தது. வேகம் கூட்டினால் கியர் நழுவுகிறது என்றான். கியர் இருக்கும் அடிப்பெட்டியைப் பிரித்தேன். சீல் போய்த் தண்ணீர் புகுந்து, ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தது. முன் கியரின் கவ்வும் பற்கள் முனை மழுங்கி உருண்டிருந்தன. புது கியரைத் தங்கைதான் வாங்கிக் கொண்டுவந்தாள்.

"பாத்துப் போடுண்ணா. அந்த மனுசனுக்கு வேற பொழப்பு தெரியாது."

சீலை மாற்றினேன். பேரிங்கை மாற்றினேன். புது ஆயில் ஊற்றினேன். பழைய கியரையே கழுவித் துடைத்து மறுபடி மாட்டினேன்.

நடுத்தண்ணீரில் ஒருநாள் நின்று என்னைக் கூப்பிடட்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்த கியர் சும்மா ஓடும்போது விலகாது. முழு வேகத்தில், சுமையோடு அலை ஏறும்போதுதான் விலகும். ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில்தான் அவனுக்கு முழு வேகம் தேவை. அங்கே மோட்டார் இழுக்காவிட்டால் அலை படகைப் புரட்டிவிடும். இது தெரியாது என்று சொன்னால் என் தொழிலுக்குக் கேவலம்.

டிரம்மில் நன்றாக ஓடியது. "கேப்டன் கேப்டன்தான்யா" என்று என் தோளில் தட்டினான். அன்று அவன் குரலில் கிண்டல் இல்லை. அப்போதே கழற்றியிருக்கலாம்.

மறுநாள் காலை தங்கையும் படகில் ஏறினாள். கன்னம் வீங்கியிருந்தது. "பல்லு புடுங்கணும்ணா. கடல் வழியாப் போனா ஆஸ்பத்திரி கிட்டத்தானே" என்றாள். நான் கரையில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றேன். இறங்கு என்று ஒரு வார்த்தை போதும். ஏன் என்று கேட்பாள். துறையில் அத்தனை பேர் எதிரில், என் வேலை சரியில்லை என்று நானே எப்படிச் சொல்வது?

முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்தது. அவன் நீந்திவிட்டான். அவள் மறுநாள் கரை ஒதுங்கினாள்.

"உன் வேலைல தப்பில்ல மச்சான். நான்தான் அலையில தப்பாத் திருப்பிட்டேன்" என்று என் காலடியில் உட்கார்ந்து அழுதான்.

"விடுங்க மாப்ள. நம்ம கையில என்ன இருக்கு" என்றேன்.

மோட்டாரைக் கடலிலிருந்து எடுத்துப் பிரித்த உங்கள் ஆட்கள், மெக்கானிக்கின் கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறார்கள். அதைத் திருத்தத்தான் நானாக ஸ்டேஷனுக்கு வந்தேன். இத்தனை வருடத்தில் ஒரு வேலையைக்கூட நான் கவனமில்லாமல் செய்ததில்லை. இதையும் கவனமாகத்தான் செய்தேன்.

புது கியர் பட்டறை அலமாரியில், எண்ணெய்க் காகிதத்தில் சுற்றியபடி இருக்கிறது. அது மாப்பிள்ளையுடையது. அவனுக்கு நான் கொடுக்க வேண்டிய பாக்கி அது ஒன்றுதான்.