இரண்டாவது மூட்டை

எனக்கு வயது அறுபத்தாறு. பள்ளி வளாகத்தின் பின்வாசலை ஒட்டிய பணியாளர் குடியிருப்பில் மூன்றாம் எண் வீட்டில் மனைவியுடன் வசிக்கிறேன். இருபத்தொன்பது ஆண்டுகளாக அந்தப் பள்ளியின் மைதானத்தைப் பராமரித்து வருகிறேன். எழுதப் படிக்க நானாகவே கற்றுக்கொண்டேன். யாரும் அழைக்காமல் நானே காவல் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

சென்ற செவ்வாய்க்கிழமை மாலை, ஓடுபாதைக்குக் கோடு போட இரண்டு மூட்டை சுண்ணாம்புத் தூள் வந்தது. அலுவலகத்தில் கடையை மாற்றிவிட்டதாக வண்டிக்காரர் சொன்னார். என்னிடம் யாரும் கேட்கவில்லை. நீற்றாத சுண்ணாம்பாக இருந்தால் ஈரம் பட்டதும் கொதித்துத் தோலைச் சுட்டுவிடும் என்பதால், சரக்கு வந்ததும் ஒரு பிடி எடுத்து டப்பா மூடியில் போட்டுத் தண்ணீர் விட்டுப் பார்ப்பது என் வழக்கம். அன்றும் பார்த்தேன். சூடேறவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கோடு போடும் வண்டியைத் தள்ள ஆரம்பித்தேன். நான்காவது கோட்டில் முதல் மூட்டை தீர்ந்தது. அப்போது விளையாட்டு ஆசிரியர் வந்து, “கோடு போடச் சொன்னா ரோடே போடுவீங்க போல. பிள்ளைங்க காத்துக்கிட்டு நிக்குது பெரியவரே” என்றார். அதன் பிறகு இரண்டாவது மூட்டையைப் பிரித்துக் கொட்டி மீதிக் கோடுகளை முடித்தேன்.

அதன் பிறகு சற்று நேரம் தூறியது. தூறல் நின்றதும் ஓட்டப் பயிற்சி நடந்தது. எல்லோரும் முயல் என்று கூப்பிடும் ஒன்பதாம் வகுப்பு மாணவி வளைவில் வழுக்கி, வெளிக்கோட்டின் மேல் முகம் பட விழுந்தாள். சிரித்துக்கொண்டேதான் எழுந்தாள். பிறகு, “தாத்தா, கண்ணு எரியுது” என்றாள். நான் தண்ணீர்க் குழாயை இழுத்துவந்து வலது கண்ணைக் கழுவினேன். துணி நனைகிறது, போதும் என்று ஆசிரியர் சொல்லியும் ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தவில்லை.

அன்று மாலை இரண்டாவது மூட்டையின் மிச்சத்தில் தண்ணீர் விட்டேன். கொதித்தது. அந்த மூட்டையைக் கட்டி இங்கே ஒப்படைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு நான்கு நாட்களாக என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து போய் அந்த வளைவைப் பார்த்துவிட்டு வருகிறேன். பார்வை திரும்புமா என்று மருத்துவர் இன்னும் சொல்லவில்லை.

இன்று காலை பள்ளி மேலாளர் என்னை அழைத்து, தடை செய்யப்பட்ட இடத்தில் மாணவி ஓடியதாகத் தட்டச்சு செய்த தாளை நீட்டினார். “ஒரு கையெழுத்துதானே, போட்டுட்டுப் போங்க” என்றார்.

“அந்தப் பொண்ணு ஓடுனது நான் போட்ட கோட்டுக்குள்ள” என்று சொல்லிவிட்டு வந்தேன். என் மனைவி, “யானை தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்குமாம். நீங்க அதுக்கும் மேல” என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

மேற்கண்டதை எழுத்தர் வாசித்துக் காட்டினார். நான் சொன்ன ஒன்று அதில் இல்லை. கேட்டதற்கு, “அது உங்க தலையிலதான் விடியும். வயசான காலத்துல எதுக்கு?” என்றார். அது இல்லாமல் கையெழுத்திட மாட்டேன் என்றேன். சேர்க்கப்பட்டது வருமாறு:

செவ்வாய்க்கிழமை நான் தண்ணீர் விட்டுப் பார்த்தது முதல் மூட்டையை மட்டும். இரண்டாவதைப் பார்க்கவில்லை.

மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். இப்போது நான் சொன்னபடியே இருக்கிறது. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

(கையெழுத்து)